விளிம்பில் வைத்த கனம்

மார்கழி பிறந்துவிட்டால் ஜேடர்பாளையத்திலிருந்து பரமத்தி வேலூர் வரைக்கும் காவிரிக்கரை முழுக்கப் பாகு வாசம்தான். ராஜா வாய்க்கால் தண்ணீரில் விளைந்த கரும்பு கட்டுக்கட்டாக வண்டியேறி ஆலைக்கொட்டகைகளுக்குப் போகும். பிழிந்து, காய்ச்சி, அச்சு வெல்லமாகவும் உருண்டை வெல்லமாகவும் மூட்டை பிடித்தால் அடுத்த ஏலத்துக்குப் பிலிக்கல்பாளையம் சந்தை. சேலம், நாமக்கல் சமவெளி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு லாரியும் முட்டையும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது எங்கள் ஊர் ஆலையில் ஓடிய டீசல் என்ஜின்; அதிலும் குறிப்பாக, அதன் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருந்த ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரும்புச் சக்கரங்கள்.

லிஸ்டர் என்ஜின் என்பார்கள். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சிற்றூர்க் கம்பெனியின் பெயர் அது. அந்த வடிவத்தை ராஜ்கோட் பட்டறைகள் அப்படியே பார்த்து வார்த்து, கடைந்து, இந்தியா முழுக்க அனுப்பின. எங்கள் ஊருக்கு வந்தது ராஜ்கோட் லிஸ்டரா, டர்ஸ்லி லிஸ்டரா என்று யாரும் கேட்டதில்லை. ஒற்றை சிலிண்டர். நிமிடத்துக்கு 650 சுற்று. இன்றைய என்ஜின்களோடு பார்த்தால் நடை வேகம்தான். அந்த வேகத்தில்தான் அதன் ஒவ்வொரு 'டுப்'பும் தனித்தனியாகக் காதில் விழும். ஓடுகிற லயத்தைக் கேட்டே பாதி ஊர் ஆலையின் நிலவரத்தைச் சொல்லிவிடும்: கரும்பு போய்க்கொண்டிருக்கிறதா, உருளை சும்மா சுற்றுகிறதா, பெல்ட் வழுக்குகிறதா.

அதைக் கிளப்புவது ஒரு தனிக் காரியம். என்ஜின்கார மாமா முதலில் சிலிண்டர் தலையில் இருக்கும் சின்ன லீவரைத் தூக்கிவிடுவார். உள்ளே அடைபடும் காற்று வெளியேற வழி கிடைத்துவிடும். அப்புறம் ஹேண்டிலை மாட்டிச் சுற்றுவார். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு முதுகு வளைந்து, தோள் புடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டுதான் சுற்றவேண்டும். அதற்கு மேல் சக்கரம் அவர் கையை இழுத்துக்கொண்டு போவதுபோல் ஆகிவிடும். வேகம் போதும் என்று பட்ட நொடியில் லீவரைத் தட்டி இறக்குவார். ஒரு 'டுப்'. புகை. இன்னொரு 'டுப்'. ஹேண்டிலை உருவிக்கொண்டு ஓர் எட்டுப் பின்னால் வருவார்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினைந்து, இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அப்படி நெருக்க மனிதக் கைக்கு வலு போதாது. லீவரை இறக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினால் எப்பேர்ப்பட்ட பயில்வானுக்கும் பாதியில் நின்றுவிடும். ஆனால் பத்துப் பன்னிரண்டு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த வலுவைச் சக்கரம் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். மாமாவின் கையால் முடியாததை, மாமாவின் கை கொடுத்ததைக் கொண்டே சக்கரம் செய்தது.

நான் அவரிடம் கேட்டேன், என்ஜின்தான் ஓடுகிறதே, இந்தச் சக்கரம் எதற்கு, பெல்ட் மாட்டக்கூட அந்தப் பக்கம் தனியாகப் புல்லி இருக்கிறதே என்று.

"ஏரி எதுக்கு கண்ணு வெட்டி வெக்கறோம்? மழ பேயறப்ப வாங்கி வெச்சுக்குது, காயறப்ப குடுக்குது. இதும் அப்படித்தான். அக்கட்டால நில்லு, சட்ட மாட்டிக்கப் போவுது."

பின்னாளில் நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. நான்கு வீச்சு என்ஜினில் பிஸ்டன் காற்றை இழுக்கும், நெருக்கும், வெடித்துத் தள்ளும், புகையை வெளியே விடும். நான்கில் ஒன்றில்தான் வேலை நடக்கிறது. மற்ற மூன்றும் செலவு. 650 சுற்றில் ஓடும்போது ஒரு வெடிப்பு முடிந்து அடுத்த வெடிப்பு தொடங்க நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் என்ஜினைக் கொண்டு செலுத்துவது சக்கரம் மட்டும்தான். அது இல்லாவிட்டால் முதல் 'டுப்'போடு கதை முடிந்தது.

கரும்பு ஊட்டுபவர் மூன்று நான்கு கழி விட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று கணு தடித்த ஆறேழு கழியைச் சேர்த்து உருளைக்குள் திணிப்பார். சத்தம் இறங்கும். 'டுப் டுப்' என்றிருந்தது 'டூப்ப்... டூப்ப்' என்று கனத்துவிடும். பெல்ட்டின் ஒரு பக்கம் விறைக்கும், மறுபக்கம் தொய்ந்து படபடக்கும். ஆனால் நிற்காது. கவர்னர் முழித்துக்கொண்டு கூடுதல் டீசலை விட்டு அந்த டீசல் வலுவாக மாறுவதற்குள், விளிம்பில் இருந்ததை எடுத்துக் கொடுத்துச் சமாளித்துவிடும் சக்கரம். சாறு குபுகுபுவென்று வாய்க்காலில் இறங்கும், சத்தம் பழையபடி ஏறும். கொப்பரைப் பக்கம் நின்று துழாவுகிறவர்கள் அந்தச் சத்தம் இறங்கி ஏறுவதை வைத்தே சாறு எப்போது வரும் என்று கணக்குப் போடுவார்கள்.

உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளிம்பில் மொத்தம் 100 கிலோ இரும்பு, மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 650 சுற்றில் அதற்குள் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 21,000 ஜூல். 6 குதிரைத்திறன் என்ஜின் முழு மூச்சாக நாலரை நொடி உழைத்தால் கிடைப்பது. அதே 100 கிலோவை மையத்துக்குப் பக்கத்தில், 15 சென்டிமீட்டரில் கொண்டுவந்து வைத்தால் ஆற்றல் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். தூரத்தின் வர்க்கம் உள்ளே வருகிறது. இரும்பு அதே இரும்புதான், எடை அதே எடைதான், விலையும் அதே விலைதான். சுழற்சியில் ஒரு பொருள் எத்தனை கிலோ என்று கேட்பது பாதிக் கேள்வி. அந்தக் கிலோ எங்கே இருக்கிறது என்பது மீதி. அதனால்தான் அந்தச் சக்கரத்துக்கு நடுவில் ஆரக்கால்கள் ஒல்லியாகவும் விளிம்பு முரட்டுத் தடிமனாகவும் இருந்தன.

டீசலை நிறுத்திய பிறகுதான் எங்களுக்கு வேடிக்கை. சத்தம் ஓய்ந்த பிறகும் சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். வெறும் சாம்பல் நிறத் தட்டாகத் தெரிந்ததில் ஒவ்வொன்றாக ஆரக்கால்கள் முளைக்கும். கடைசியில் ஒரு நெருக்கலைத் தாண்ட வலு இல்லாமல் திணறி நின்று, உள்ளே அடைபட்ட காற்று தள்ள, எதிர்ப்பக்கம் கால் சுற்று திரும்பும். மறுபடி இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். பையன்கள் விளிம்பில் சாக்பீசால் கோடு போட்டு, எங்கே வந்து நிற்கும் என்று புளியங்கொட்டை பந்தயம் கட்டுவோம். அதிகம் ஜெயித்தவன் ஒருவன் இருந்தான். நெருக்கல் வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் எப்போதும் நிற்கும் என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தான், எங்களுக்குச் சொல்லவில்லை.

சுற்றுவது எல்லாம் இப்படிச் சேர்த்து வைக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணெய்ச் செக்கும் சுற்றத்தான் செய்தது. மாடு நின்றால் செக்கும் அந்த இடத்திலேயே நின்றது. அதில் கனத்துக்கு என்ன குறை? உலக்கையும் பாரக்கல்லும் சேர்ந்தால் என்ஜின் சக்கரத்துக்குக் குறையாத எடை. ஆனால் வேகம் கிடையாது. ஆற்றலுக்கு வேகத்தின் வர்க்கமும் வேண்டும். இருக்கிற சொற்பத்தையும் உலக்கையின் உராய்வு தின்றுவிடும்.

குயவர் வீட்டுச் சக்கரம் அப்படியல்ல. எங்கள் ஊருக்கு வடக்கே இரண்டு மூன்று வீடுகளில் வனைந்துகொண்டிருந்தார்கள். பொங்கல் பானைக்குச் சொல்லிவைக்க அம்மாவோடு போவேன். மரக் கால்கள் வைத்து, விளிம்பில் மண்ணையும் தேங்காய் நாரையும் பிசைந்து தடிமனாக அப்பிய சக்கரம். தரையோடு தரையாக ஒரு முளையின் மேல் நிற்கும். பெரியவர் எழுந்து நின்று, விளிம்புக் குழியில் கோலை மாட்டி, விசுக்விசுக்கென்று சுற்றிவிடுவார். பிறகு கோலை வைத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து, கையை நனைத்து, நடுவில் இருக்கும் மண்ணைத் தொடுவார். அவர் அவசரப்பட்டுப் பார்த்ததில்லை. சக்கரம் அவருக்கு அவகாசம் கொடுத்திருந்தது. கழுத்து விரிகிறபோது மண் கையை இழுக்கும், சக்கரம் கொஞ்சம் தளரும். ஆனாலும் ஒரு பானை முடிகிற வரைக்கும் தாங்கும். இரண்டாம் பானைக்கு மறுபடி கோல்.

விளிம்பில் மண்ணை அப்பவேண்டும் என்று அவருடைய பாட்டன் முப்பாட்டன்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? காவிரிக்கு மேற்கே, நொய்யல் கரையில், கொடுமணலில் தோண்டியபோது சுடுமண் தக்களிகள் கிடைத்தன. நூல் நூற்கும் கதிரில் மாட்டுகிற சின்ன வட்டுதான். கதிர் ஒல்லியான குச்சி. அதைத் தனியாகத் திருகிவிட்டால் பஞ்சு முறுக்கேறுவதற்குள் நின்றுவிடும். வட்டைக் கோத்தால் நூல் இறங்கும் வரை சுற்றும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கொங்கு நாட்டில் இந்தச் சூட்சுமம் கைக்கு அடங்கிய பொருளாக இருந்திருக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதரைப் பரப்பியபோது, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அவர் கொண்டுபோனது ஒரு வகையில் பழைய சரக்கைத்தான்.

பையன்களுக்கு டயர். பழைய சைக்கிள் டயரும் ஒரு குச்சியும் இருந்தால் பரமத்தி வரைக்கும் ஓடலாம் என்று நினைத்துக்கொண்டு ஓடிய காலம். தகர டப்பா மூடியை உருட்டினால் நாலு எட்டில் படுத்துவிடும். டயர் ஓடும். அதற்கு நடுவில் ஒன்றுமே கிடையாது. எடை மொத்தமும் விளிம்பு. உருளும் வளையத்தில் ஆற்றலில் சரிபாதி முன்னால் போவதிலும் சரிபாதி சுற்றுவதிலும் இருக்கும். திடமான வட்டுக்குச் சுற்றுவதில் மூன்றில் ஒரு பங்குதான். மேட்டிலிருந்து இரண்டையும் ஒன்றாக விட்டால் வட்டுதான் முந்தும், வளையம் பிந்தும். ஆனால் வளையத்தைச் சமதரைக்குக் கொண்டுவந்துவிட்டால் லேசில் நிற்காது. இன்னொன்றும் உண்டு. ஓடுகிற டயர் இடது பக்கம் சாய்ந்தால் விழாது. இடது பக்கம் திரும்பும். குச்சியை மேல் விளிம்பில் லேசாக ஒற்றினால் சந்து திரும்பும் கலை அது. நாமக்கல் லாரிகள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எப்படித் திரும்புகின்றன என்பது வேறு கதை. நாங்கள் எங்கள் டயரால் மாரியம்மன் கோயில் முக்கைத் திருப்பியதுதான் எங்களுக்குப் பெருமை.

பம்பரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. ஒன்று மட்டும். ஆக்கர் வாங்கிய பம்பரம், அதாவது எதிராளியின் ஆணி குத்திப் பள்ளம் விழுந்த பம்பரம், அதற்குப் பிறகு ஒழுங்காக நின்று ஆடாது. உதறும். ஒரு பக்கம் மரம் பெயர்ந்ததால் எடையின் நடு, ஆணியின் நேருக்கு மேலே இல்லை. லாரிச் சக்கரத்துக்கு பேலன்சிங் போடுகிறவர்கள் ரிம்மில் சின்ன ஈயக்கட்டிகளைத் தட்டி வைப்பது இந்த உதறலுக்குத்தான். பள்ளத்தில் மெழுகு வைத்து அடைத்துப் பார்த்தவர்கள் எங்களிலும் உண்டு. மெழுகின் எடை மரத்தின் எடைக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். உதறல் பாதிதான் குறையும்.

முட்டைக்கு வருகிறேன். நாமக்கல்லைப் பற்றி எழுதிவிட்டு முட்டையைத் தொடாமல் போனால் ஊரில் சேர்க்கமாட்டார்கள். சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது 1989இல். வெந்த முட்டையை உரிப்பதற்கு முன் சிமெண்ட் தரையில் படுக்கவைத்துச் சுழற்றிவிடுவோம். ஆயா திட்டுவார்: "திங்கற பொருள வெச்சு வெளயாடறீங்களாடா!" சித்தப்பாவின் கோழிப்பண்ணையில் பச்சை முட்டைக்குக் குறைவில்லை. ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துப் பத்திரமாகப் பள்ளிக்கூடம் கொண்டுவந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சுழற்றியது ஒரு பெரிய பரிசோதனை. வெந்தது கிர்ரென்று சுற்றியது. பச்சை முட்டை சோம்பலாக நாலு சுற்றுச் சுற்றித் தள்ளாடி ஓய்ந்தது. ஓடு மட்டும்தான் நம் விரல் சொன்னதைக் கேட்கிறது; உள்ளே இருக்கும் கருவும் வெள்ளையும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்து ஓட்டைப் பிடித்து இழுக்கின்றன. அறிவியல் வாத்தியார் வந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் பச்சை முட்டையைத் தானே ஒருமுறை நன்றாகச் சுழற்றி, விரலால் ஒரு கணம் அழுத்தி நிறுத்தி, விரலை எடுத்தார். நின்ற முட்டை தானாக மறுபடி சுற்ற ஆரம்பித்தது. வகுப்பே கத்தியது. ஓட்டைத்தான் நிறுத்தினார், உள்ளே இருந்தது நிற்கவில்லை.

வெந்த முட்டையை இன்னும் வேகமாகச் சுழற்றினால் படுத்திருந்தது எழுந்து குத்தாக நின்று சுற்றும். எடையின் நடு மேலே ஏறுகிறது. பார்த்தால் நியாயத்துக்கு விரோதமான காரியம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கீத் மொஃபட்டும் ஜப்பானின் யுடாகா ஷிமோமுராவும் இதற்குக் கணக்குப் போட்டு விடை சொல்லி நேச்சர் இதழில் எழுதியது 2002இல்தான். முட்டைக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் உராய்வு, சுற்றும் ஆற்றலில் ஒரு பகுதியை எடுத்து முட்டையைத் தூக்கி நிறுத்தச் செலவழிக்கிறது என்பது சாரம். பச்சை முட்டையின் வலு உள்ளே குழம்பிப் போய்விடுவதால் அது எழாது. தினமும் லாரி லாரியாக முட்டை அனுப்புகிற மாவட்டத்தில் இதைச் செய்துபார்க்காத பிள்ளைகள் இருந்தால் அது பாவம். இருக்கிறார்கள் என்றுதான் படுகிறது. எங்கள் மாவட்டம் கோழிப்பண்ணையிலிருந்து பள்ளிக்கூடப் பண்ணைக்கு மாறிய பிறகு, விடுதி அறைகளில் உட்கார்ந்து வளையத்துக்கு எம்.ஆர். ஸ்கொயர், வட்டுக்கு அதில் பாதி, திடக்கோளத்துக்கு ஐந்தில் இரண்டு என்று நிலைமத் திருப்புத்திறனை உருப்போட்டு நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் ஒரு முட்டையைக் கொடுத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

என்ஜின் எங்கள் ஊரை விட்டுப் போனது சத்தமில்லாமல். மேட்டூர் அணை 1934இல் முடிந்து, 1937இல் அங்கே மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் கம்பி கிராமங்களுக்குள் வந்து, கிணறுகளுக்கு இறங்கி, ஆலை வரைக்கும் வர எத்தனையோ வருஷம் பிடித்தது. 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்றான பிறகு டீசல் வாங்கி என்ஜின் ஓட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. கிணற்றுமேட்டு என்ஜின்கள் முதலில் போயின. கொஞ்ச காலம் கழித்து ஆலையிலும் மோட்டார் வந்தது. பட்டனை அழுத்தினால் ஓடும். லிஸ்டரைப் பிரித்து, சக்கரங்களைச் சம்மட்டியால் உடைத்து, காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துப் போனார். தராசில் விளிம்பு இரும்புக்கும் நடு இரும்புக்கும் ஒரே விலை.

சக்கரம் போய்விட்டதாகத்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். இடம்தான் மாறியிருக்கிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பல டன் எடையுள்ள டர்பைன் அச்சுகள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகின்றன. 50 ஹெர்ட்ஸ் என்பது அதுதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பை மற்ற இந்தியாவோடு இணைத்தார்கள். அன்றிலிருந்து மேட்டூரில் சுற்றும் அச்சும் பஞ்சாபில் சுற்றும் அச்சும் ஒரே தாளத்தில் கட்டுண்டவை. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் காலை ஷிப்டுக்கு விசைத்தறிகள் மொத்தமாக ஓட ஆரம்பிக்கும்போது, கூடுதல் நீராவி டர்பைனுக்கு வந்து சேரும் முன் அந்தச் சில நொடிகளுக்குத் தேவையானதை நாடு முழுக்கச் சுற்றும் இரும்பு தன் வேகத்தில் துளியூண்டு குறைத்துக்கொண்டு கொடுக்கிறது. ஆறேழு கழியைச் சேர்த்துத் திணித்தபோது ஆலையில் நடந்ததேதான், நாடளவில்.

இதில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. சூரியத் தகட்டில் சுற்றுவது எதுவும் இல்லை. வெயில் நன்றாக அடிக்கிற மத்தியானத்தில் மின்சாரம் தாராளம்; சுழலும் இரும்பு குறைவு. ஏதாவது ஒரு பெரிய நிலையம் பட்டென்று கழன்றுகொண்டால் தாளம் வேகமாகச் சரியும். அதற்காக உலகத்தில் பல இடங்களில் வெறும் சக்கரத்தை, மின்சாரம் தயாரிப்பதற்காக இல்லாமல், சுற்றிக்கொண்டிருப்பதற்காக மட்டுமே மாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அயர்லாந்தில் மணிபாயிண்ட் என்ற இடத்தில் 2022இல் வைத்த சக்கரம் 130 டன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என்ஜின்கார மாமாவிடம் இதைச் சொன்னேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். லிஸ்டருக்குப் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்ற காது. 130 டன் என்பதை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. கரண்ட்டு திடீரென்று குறைந்தால் தாங்கிப் பிடிக்கத்தான் அது என்று கத்திச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப அங்கயும் கரண்ட்டு கட்டாவுதுங்கற?"